மே மாதத்திலிருந்து பின்னோக்கி

ஊட்டியில் ரோஜாவுக்கு எப்போது கவாத்து பண்ணுவது என்று யாராவது கேட்டால், நாங்கள் பஞ்சாங்கத்தைப் பார்த்துப் பதில் சொல்வதில்லை. மே மாதத்திலிருந்து பின்னோக்கி எண்ணுவோம். கீழே, கோயம்புத்தூரில், வெட்டிவிட்ட கிளை ஒன்றரை மாதத்தில் பூத்துவிடும். இங்கே குளிரில் மூன்று மாதத்துக்கு மேல் கேட்கும். ஆகவே ஜனவரி. பனி இன்னும் விழுந்துகொண்டிருக்கும்போதே கத்திரியைக் கையில் எடுத்துவிட வேண்டும்.

ரோஜா மட்டுமல்ல. பெட்டூனியா, சால்வியா, பான்சி விதைகள் குளிர்காலத்திலேயே நாற்றுப்பெட்டிக்குள் போயாக வேண்டும். டிசம்பரில் தோண்டியெடுத்து மணலில் புதைத்துவைத்த டேலியா, பிகோனியா கிழங்குகள் பிப்ரவரி கடைசியில் தொட்டிக்குத் திரும்ப வேண்டும். ஃபியூசியாவை ஒட்ட வெட்டிவிடுவதும் அப்போதுதான். எல்லாக் கணக்கும் ஒரே இடத்தில் போய் முடியும். அந்த இடத்துக்கு என் தாத்தா வைத்திருந்த பேர் சீசன். ஃபேர்ன்ஹில் பக்கம் ஒரு பங்களாவில் மாலியாக இருந்தவர் அவர். காந்தலில் எங்கள் வீட்டு வாசலில் இருந்த தொட்டிகளையும் பங்களாக் கணக்கில்தான் பார்த்துக்கொண்டார். எந்தத் துரையும் எங்கள் வாசலுக்கு வந்ததில்லை. ஆனாலும் துரைமார் மலையேறும் மாதத்தில்தான் எங்கள் செடிகளும் பூத்தன.

ஒரு மாதம் எப்படி ஒரு ஊரின் தோட்டங்களை எல்லாம் பிடித்துக்கொள்ளும்? அதற்கு இருநூறு வருஷக் கதை இருக்கிறது.

கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-இல் கோத்தகிரிப் பக்கமாக மேலே வந்தார். 1822-இல் உதகையில் கல்வீடு கட்டத் தொடங்கினார். அந்தக் கட்டடம் இன்று அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் நிற்கிறது. அவர் காலத்தில் மண்ணுக்குள் போனவற்றில் முக்கியமானவை பூக்கள் அல்ல. உருளைக்கிழங்கு, கோஸ் போன்ற காய்கறிகள். மலையில் குடியேறிய வெள்ளைக்காரர்களுக்கு முதல் கவலை சாப்பாட்டுத் தட்டு. 1840களின் நடுவில் அவர்கள் கூடி ஒரு தோட்டம் போட்டார்கள். மாதம் மூன்று ரூபாய் சந்தா. அதற்கு வீடு தேடிக் காய்கறி வரும். இன்று லட்சக்கணக்கானவர்கள் பூப் பார்க்க வரும் தாவரவியல் பூங்காவுக்கு இந்தக் காய்கறிப் பாத்திதான் மூத்தது.

சந்தாக் காசில் தோட்டம் நிலைக்கவில்லை. மதராஸ் கவர்னராக இருந்த ட்வீடேல் பிரபு காலத்தில் முறையான ஒரு தோட்டம் வேண்டுமென்று முடிவானது. லண்டன் கியூ தோட்டத்தில் தேர்ந்த வில்லியம் கிரஹாம் மக்ஐவர் 1848-இல் வந்து சேர்ந்தார். அவருக்குக் கிடைத்த இடம் தொட்டபெட்டாவின் சரிவு. மேல்பாதி அடர்ந்த சோலைக்காடு, கீழ்ப்பாதி ஓடைகள் அறுத்துப்போட்ட சதுப்பு. அதற்கும் மேலே தோடர் பழங்குடியினரின் குடியிருப்பான மந்து. அது இன்றும் பூங்காவின் உச்சியில் இருக்கிறது. சதுப்பை வடித்து, சரிவைப் படிப்படியாக வெட்டி, பாதை போட்டுத் தோட்டத்துக்கு உருவம் கொண்டுவர ஏறத்தாழப் பத்து வருஷம் பிடித்தது. இந்தச் சதுப்பை மறந்துவிட வேண்டாம். பனியைப் பற்றிப் பேசும்போது அது திரும்ப வரும்.

மக்ஐவர் வந்த காலத்தில் இங்கிலாந்தில் தோட்ட மோகம் ஒன்று பரவிக்கொண்டிருந்தது. விதையைக் கண்ணாடிக் கூண்டுக்குள் முளைக்கவைத்து, குளிர் போனதும் ஆயிரக்கணக்கில் வெளியே நட்டு, பாத்தி பாத்தியாக ஒரே நிறத்தில் பூக்கவைப்பது. அங்கே கண்ணாடிமீது இருந்த வரியை 1845-இல் எடுத்துவிட்டார்கள். கண்ணாடி மலிந்தது. பிரபுக்கள் மட்டும் வைத்திருந்த பசுமைக்குடில் நடுத்தரக் குடும்பங்களின் கைக்கும் எட்டியது. ஊட்டி பங்களாக்களின் கண்ணாடி வராந்தாக்கள் அந்தப் பழக்கத்தின் மிச்சம். ஜெரேனியமும் பிகோனியாவும் பெரணியும் அங்கேதான் குளிர்காலத்தைக் கழிக்கும்.

முறை அங்கிருந்து வந்தது. நாட்காட்டி வர முடியவில்லை. இங்கிலாந்தில் மே மாதம் வரைக்கும் உறைபனி பயம் உண்டு. அதனால் மே முடியும்போதுதான் நாற்றை வெளியே நடுவார்கள், ஜூலை, ஆகஸ்டில் பூ. ஊட்டியில் ஜூலை, ஆகஸ்டு என்றால் தென்மேற்குப் பருவமழை. பெட்டூனியா இதழ் ஒரே நாளில் கூழாகிவிடும். இங்கே பனி பிப்ரவரியோடு அடங்கும், மழை ஜூனில் பிடிக்கும். நடுவே இருக்கும் இடைவெளிக்குள் நட்டு, வளர்த்து, பூக்கவைத்து முடிக்க வேண்டும். கொண்டுவந்த செடிகளின் ஆண்டை இரண்டு மாதத்துக்கு மேல் முன்னால் நகர்த்தினால்தான் அது நடக்கும். விதைப்பெட்டி முதல் கவாத்துக் கத்திரிவரை எல்லாத் தேதிகளும் மாறின.

இவற்றுக்கு இங்கிலீஷ் பூக்கள் என்று பேர். ஆனால் இங்கிலாந்தில் பிறந்தவை இதில் குறைவு. டேலியா மெக்சிகோ. சால்வியா பிரேசில். பெட்டூனியாவும் ஃபியூசியாவும் தென்னமெரிக்கா. சினரேரியா கேனரித் தீவுகள். ஜெரேனியம் தென்னாப்பிரிக்கா. ஹைட்ரேஞ்சியா ஜப்பான். எல்லாம் கப்பலேறி லண்டன் போய், அங்கே நாகரிகம் ஆகி, மறுபடி கப்பலேறி நீலகிரி வந்தவை. பிறந்த ஊரின் குணத்தை மட்டும் எதுவும் விடவில்லை. காய்ந்த மண்ணுக்குப் பழகிய ஜெரேனியம் நம் மழையைத் தாங்காது; தண்டு அடியில் கறுத்து அழுகும். அதனால் ஜூன் பிறந்ததும் அந்தத் தொட்டிகள் இறவாரத்துக்கு அடியில் வந்துவிடும், மழை குறையும்வரை தண்ணீரும் கையளவுதான். ஹைட்ரேஞ்சியா இதற்கு எதிர்: எவ்வளவு ஈரமானாலும் குடிக்கும். எங்கள் மண்ணில் அமிலம் அதிகம். அமில மண்ணில் அலுமினியம் கரைந்து செடிக்குள் போகும், பூ நீலமாகும். கீழ்ச் சீமையில் சுண்ணாம்பு மண்ணில் அதே செடி இளஞ்சிவப்பாகப் பூக்கும். நீலத்துக்காக நாங்கள் எதுவும் செய்வதில்லை. கவாத்தில் மட்டும் கவனம் வேண்டும்: பூ முடிந்த உடனே வெட்டிவிட வேண்டும். ஜனவரியில் ரோஜாவோடு சேர்த்து வெட்டினால், பழைய கிளையில் உட்கார்ந்திருக்கும் அடுத்த வருஷத்து மொட்டும் கூடவே போய்விடும்.

மக்ஐவரின் பேர் வெளியே தெரிந்தது பூக்களால் அல்ல, கொய்னாவால். மலேரியாவுக்கு மருந்தான கொய்னா மரத்தை இந்தியாவில் வளர்க்க வேண்டுமென்று 1860-இல் கிளமென்ட்ஸ் மார்க்கம் பெருவிலிருந்து கண்ணாடிப் பெட்டிகளில் கன்றுகளைக் கொண்டுவந்தார். நீண்ட பயணத்தின் வெப்பத்தில் நொந்து வந்த அவை பிழைக்கவில்லை. அடுத்த வருஷம் ராபர்ட் கிராஸ் கொண்டுவந்த சிவப்புப்பட்டைக் கன்றுகள் பிழைத்தன. அவற்றிலிருந்து குச்சி வெட்டி, கண்ணாடிக்குள் வேர்விடவைத்து, மக்ஐவர் பெருக்கினார். மரத்தை வெட்டாமல் பட்டையைக் கீற்றாக உரித்து, காயத்தைப் பாசியால் மூடி, புதுப்பட்டை வளரவைக்கும் வித்தையும் அவருடையது. நடுவட்டம் கொய்னாத் தோட்டத்தில் மண் வெட்டியவர்களில் மலாய்க் குடியேற்றங்களிலிருந்து கைதிகளாகக் கொண்டுவரப்பட்ட சீனர்களும் உண்டு. 1876-இல் மக்ஐவர் இறந்தார்.

அந்தச் சமயத்தில்தான் மே மாதத்துக்கு அரசாங்க முத்திரை விழுந்தது. 1870களிலிருந்து மதராஸ் அரசாங்கமே வெயில் தொடங்கியதும் கவர்னர், செயலாளர்கள், குமாஸ்தாக்கள், கோப்புக் கட்டுகள் சகிதமாக ஊட்டிக்கு ஏறியது. சல்லிவனின் கல்வீடு தலைமைச் செயலகமானது. கவர்னர் மாளிகை தாவரவியல் பூங்காவை ஒட்டியே எழுந்தது. 1877-இல் வைஸ்ராய் லிட்டன் வந்தபோது மழையும் சேறும்கூட இங்கிலாந்தை நினைவூட்டியதாக மகிழ்ந்து கடிதம் எழுதினார். சேற்றுக்கே இந்த மரியாதை என்றால் பூவுக்குக் கேட்க வேண்டுமா? ஒவ்வொரு பங்களாவிலும் துரைசாணி வந்து இறங்கும் வாரத்தில் படிக்கட்டின் இருபுறமும் தொட்டிகள் பூத்து நிற்க வேண்டும். 1896-இல் மலர் கண்காட்சி தொடங்கியதும் அது கௌரவப் பிரச்சினையாகவும் ஆனது. 1899-இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கும், 1908-இல் ஊட்டி வரைக்கும் ரயில் வந்தது. பார்க்க வருபவர்கள் பெருகினார்கள்.

வந்து பார்த்தவர்கள் நினைவுக்குறிப்பு எழுதினார்கள், ஓவியம் வரைந்தார்கள். அவர்கள் கீழே இறங்கிப்போன பிறகு நடந்ததை யாரும் எழுதவில்லை. தோட்டத்தின் ஆண்டில் பெரும்பகுதி அப்போதுதான் நடந்தது. தாத்தா சொல்லித்தான் எனக்கு அது தெரியும்.

பங்களா பூட்டியிருக்கும். சமையற்காரருக்குக்கூட லீவு உண்டு, மாலிக்குக் கிடையாது. நவம்பரில் வடகிழக்கு மழை நின்று வானம் வெளுத்ததும் முதலில் நீர்ப்பனி. புல்நுனியில் ஈரம், அவ்வளவுதான். டிசம்பர் பாதியிலிருந்து உறைபனி. காலையில் புல்வெளி வெள்ளையாகக் கிடக்கும், ஷூவுக்கடியில் நொறுங்கும்.

"வானம் தெரியற எடத்துல செடிய வைக்காதே" என்பது தாத்தாவின் சட்டம். பள்ளிக்கூடத்தில் அறிவியல் படித்தபோதுதான் அதற்குள் இருந்த நியாயம் எனக்குப் பிடிபட்டது. மேகமில்லாத இரவில் மண்ணும் இலையும் பகலில் வாங்கிய சூட்டை நேரே ஆகாயத்துக்கு விட்டுவிடுகின்றன. இலை, சுற்றியிருக்கும் காற்றைவிடக் குளிர்ந்து, மேலே படிந்த ஈரம் உறைகிறது. ஆகாயத்துக்கும் இலைக்கும் நடுவே எது குறுக்கே நின்றாலும் சரி, ஒரு மரக்கிளை, ஓர் இறவாரம், ஒரு கோணிப்பை, சூடு தங்கும். குளிர்ந்த காற்று கனமானது; தண்ணீர் மாதிரி சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் மேட்டுச் சரிவில் செடி தப்பிக்கும்போது காந்தலும் தலைக்குந்தாவும் குதிரைப் பந்தய மைதானமும் வெளுத்துக் கிடக்கின்றன. தாவரவியல் பூங்காவின் அழகான கீழ்ப் புல்வெளியும் அப்படித்தான். மக்ஐவர் தண்ணீரை வடித்துவிட்டார். குளிர் மட்டும் இன்றும் பழைய சதுப்புக்கு வந்து சேர்ந்துகொண்டிருக்கிறது.

பூங்காவில் இதற்குச் செய்வதைப் பார்க்க விரும்புகிறவர்கள் மே மாதத்தில் வரக் கூடாது, டிசம்பரில் வர வேண்டும். கோத்தகிரி மிலார் என்று ஒரு காட்டுப்புதர். அதன் கிளைகளைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து நாற்றுகள்மீது சாய்த்துக் கூரை கட்டுவார்கள். பிளாஸ்டிக் விரிப்பு இருக்கும்போது இது எதற்கு என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பதுண்டு. பிளாஸ்டிக் இலையைத் தொட்டால், தொட்ட இடம் உறையும். வெயில் ஏறினால் உள்ளே வேகும். மிலாருக்குள் காற்று நடமாடும், வெளிச்சம் சல்லடையாக இறங்கும், பனி கிளையோடு நின்றுவிடும். விடியற்காலையில் புல்வெளிக்குத் தெளிப்பான் விட்டுப் பனியைக் கழுவுவார்கள். வீட்டில் தாத்தாவின் தெளிப்பான், அடியில் ஆணியடித்து ஓட்டை போட்ட டால்டா டப்பா. வெயில் தொடும் முன்பே ஊற்றிவிட வேண்டும். உறைந்த இலைமேல் வெயில் நேராக விழுந்து படக்கென்று உருகும்போதுதான் இலை தீய்ந்துபோகும்.

பனி ஒருபக்கம் விழ, மறுபக்கம் மண் தயாராகும். சோலை ஓரத்து இலைமக்கு ஒரு பங்கு, மக்கிய சாணி ஒரு பங்கு, செம்மண் ஒரு பங்கு, மணல் அரைப் பங்கு. எல்லாவற்றையும் சலித்துக் குவித்துச் சாக்கால் மூடிவைப்பார். டேலியாவின் இலை பனியில் கறுத்த பிறகே கிழங்கைத் தோண்டுவார், முன்னால் தோண்டினால் கிழங்கு முற்றாது என்பார். பிப்ரவரிக்குள் தொட்டிகளைச் சுண்ணாம்பில் கழுவி, ஒவ்வொன்றின் ஓட்டையிலும் ஓட்டுச்சில்லு வைத்து வரிசையாகக் கவிழ்த்திருப்பார். மார்ச்சில் நடவு, ஏப்ரலில் நுனி கிள்ளல், மே முதல் வாரத்தில் பங்களாவின் கதவு திறக்கும்.

இந்த ஒழுங்குக்குக் கட்டுப்படாத செடிகளும் கூடவே வந்திருந்தன. தாயக நினைப்பில் வேலியோரம் வைத்த மஞ்சள் பூப் புதர்களான கார்ஸும் ஸ்காட்ச் புரூமும் புல்வெளி மலைகளில் ஏறிவிட்டன. தென்னாப்பிரிக்க வெள்ளை ஆரம் லில்லி இன்று ஓடையோரச் சதுப்பெல்லாம் வேரோடியிருக்கிறது; சுற்றுலா வருகிறவர்கள் அதைக் காட்டுப்பூ என்றே நினைத்துப் படமெடுக்கிறார்கள். அழகுக்கென்று வளர்த்த லன்டானா என்னும் உண்ணிச்செடி சரிவுக் காடுகளின் அடித்தளத்தையே மூடியது. எங்கள் தொட்டிகளில் பனிக்குப் போர்த்திக் காப்பாற்ற வேண்டிய செடிகளும், காட்டிலிருந்து பிடுங்கியெறியப் பாடுபட வேண்டிய செடிகளும் ஒரே கப்பல் பாதையில் வந்தவைதான். மலையின் சொந்தப் பூவான குறிஞ்சியோ எந்த சீசனுக்கும் வந்து நின்றதில்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, அதுவும் மழைக்காலத்தை ஒட்டி, பார்க்க ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பூக்கும். 2018-இல் அப்படிப் பூத்தது.

விடுதலைக்குப் பிறகு அரசாங்கம் மலையேறுவது நின்றது. பூக்களின் தேதி மட்டும் மாறவில்லை. கவர்னரின் இடத்தில் முழுப்பரீட்சை லீவு வந்து உட்கார்ந்தது. கீழேயிருந்து சொந்தக்காரர்கள் பிள்ளைகுட்டியோடு வந்து இறங்குவார்கள். காந்தலில் எங்கள் இரண்டு அறை வீட்டில் பாய் விரிக்க இடமிருக்காது. "எங்க ஊர்ல இதெல்லாம் வராதுப்பா" என்று அத்தை ஒவ்வொரு தொட்டியாகக் குனிந்து பார்ப்பார். அப்போது தாத்தா முகத்தைப் பார்க்க வேண்டும். வீட்டுத் தோட்டங்களுக்கும் கண்காட்சியை ஒட்டிப் போட்டி உண்டு, நடுவர்கள் நேரில் வந்து மதிப்பெண் போடுவார்கள். தசரா, ஆயுதபூஜை விடுமுறைக் கூட்டத்துக்காக செப்டம்பர், அக்டோபரில் இரண்டாம் சீசன் என்று இன்னொரு தேதியும் சேர்ந்தது. அதற்காக ரோஜாவுக்கு மழைக்கு நடுவிலேயே இரண்டாம் கவாத்து. 1995-இல் நூறாவது மலர் கண்காட்சியின் நினைவாக விஜயநகரம் பகுதியில் ரோஜாப் பூங்காவே அமைத்தார்கள்.

2020 மே மாதத்தில் இந்த ஏற்பாடு ஒரு கேள்வியின் முன்னால் நின்றது. ஊரடங்கு. பூங்காவின் கதவு சாத்தியிருந்தது. பிப்ரவரியிலேயே வேலை தொடங்கிவிட்டதால் தொட்டிகளில் பூ வந்தே தீரும். வந்தது. பணியாளர்களைத் தவிர வேறு யாரும் பார்க்கவில்லை. எங்கள் வீட்டுக்கும் யாரும் வரவில்லை. யாருக்காக இத்தனை வருஷம் ஜனவரியில் கத்திரி எடுத்தோம் என்று நான் யோசிக்கத் தொடங்கியது அப்போதுதான்.

யோசித்ததில் ஒன்று தெளிவானது. மே மாதத்தை கவர்னர் மட்டும் தேர்ந்தெடுக்கவில்லை. பனிக்குப் பின், மழைக்கு முன் என்று மலை கொடுத்த இடைவெளியில்தான் பூவும் வந்தது, கவர்னரும் வந்தார். இரண்டு பேருக்கும் வேண்டியது ஒரே வானிலை. கவர்னர் கூட்டியது வேறு: எல்லாம் ஒரே வாரத்தில், ஒரே உயரத்தில், வரிசை பிசகாமல் பூக்க வேண்டும் என்ற கட்டளை. அது வந்து பார்த்துவிட்டுப் போகிறவரின் தேவை. வருஷம் முழுக்க அங்கேயே குடியிருக்கிறவருக்கு அது தேவையில்லை.

அதனால் என் ரோஜாக்களை இப்போது ஒரே நாளில் வெட்டுவதில்லை. பாதிக்கு ஜனவரிக் கடைசியில் கவாத்து, மீதிக்கு பிப்ரவரி முடிவில். பிந்தியவை ஜூனில் மழையோடு பூக்கும். அடுக்கு இதழ் ரோஜாவை இதற்கு வைக்கக் கூடாது; மொட்டு நனைந்து விரியாமலே பழுப்பாகி அழுகிவிடும். இதழ் குறைந்த வகைகளைத்தான் பிற்பாதிக்கு ஒதுக்குகிறேன், அவை நனைந்தாலும் உதறிக்கொண்டு விரிகின்றன. டேலியா கிழங்குகளையும் இரண்டு வார இடைவெளி விட்டு வைக்கிறேன். வாசல் ஒரு வாரம் ஜொலித்துவிட்டு ஓய்வதற்குப் பதில், நான்கு மாதம் ஏதாவது ஒன்று பூத்துக்கொண்டிருக்கிறது. உங்கள் ஊரில் பனி இருக்காது, சித்திரை வெயில் இருக்கும். அதற்கும் இதே கணக்குதான். விருந்தாளிக்காக வைத்த தேதி எது, வானத்துக்காக வைத்த தேதி எது என்று பிரித்துப் பார்த்தால், முதல் வகையை இஷ்டப்படி மாற்றலாம். மற்றதில் கை வைக்க முடியாது. பிப்ரவரி முடியும் முன்னால் மிலாரை எடுக்கச் சொல்லி யார் வந்து கேட்டாலும் நான் எடுப்பதில்லை.